மூன்றாவது சிலிண்டர் ப்ளக்

டர்போ வண்டிக்கு எந்த ஸ்பார்க் ப்ளக் போடலாம் என்று கேட்டு எனக்கு இன்னும் போன் வருகிறது. வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. வலது தோளைத் தூக்க முடியாமல் போனதால் விட்டேன். கேட்பவர்கள் திருப்பதி, சித்தூர், வேலூர் ஒர்க்‌ஷாப்புகளில் வேலை செய்யும் மெக்கானிக்குகள். வண்டி எங்கே ஓடுகிறது, யார் ஓட்டுகிறார்கள் என்று நான் ஆரம்பித்தால், "அண்ணே, கஸ்டமர் நின்னுகினு கீறாரு, நம்பர் மட்டும் சொல்லுண்ணே" என்கிறார்கள். எனக்குப் போனில் பேச வராது. நேரிலும் அதிகம் வராது. நம்பரைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். வைத்த பிறகு சொல்லாமல் விட்டதெல்லாம் நினைவுக்கு வருகிறது. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் குடிபாலா பக்கம். பத்தாவது வரை தமிழில் படித்தேன். என் நைனா கரும்பு வெட்டும் வேலைக்குப் போனார். நான் சித்தூரில், வேலூர் ரோட்டில் இருந்த ஒரு ஷெட்டில் சேர்ந்தேன். அங்கே பன்னிரண்டு வருடம். எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். ப்ளக்கைக் கழற்றுவோம், கம்பி பிரஷ்ஷால் தேய்ப்போம், பெட்ரோலில் கழுவுவோம். முனையை வைஸ் இரும்பின் மேல் இரண்டு தட்டுத் தட்டி இடைவெளியைக் குறைப்போம். சரியாக இருக்கிறதா என்று பார்க்க உடைந்த ஹாக்ஸா பிளேடு ஒன்று வைத்திருந்தோம். பிளேடு உள்ளே போனால் வண்டி ஓடும்.

பிறகு புதுக் கம்பெனி வண்டிகள் வர ஆரம்பித்தன. பானெட்டைத் திறந்தால் எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை. கார்புரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் மூடியும் ஒயரும் இருந்தன. எங்கள் ஷெட் முதலாளி ஒரு வண்டியைத் திறந்து பார்த்தார், மூடினார், "இது நம்ம ஜாதி இல்லடா" என்றார். அடுத்த வருடம் குவைத்துக்கு டிரைவராகப் போய்விட்டார். ஷெட்டில் இருந்த மற்றவர்களும் குவைத், பெங்களூர், சென்னை என்று பிரிந்தார்கள். வெளிநாடு போக வேண்டுமானால் ஏஜெண்டிடம் பேச வேண்டும், ஆபீஸில் பேச வேண்டும். என்னால் ஆகாது. நான் பஸ் ஏறித் திருப்பதிக்கு வந்தேன். மற்றவர்கள் கடல் தாண்டியபோது நான் தாண்டிய தூரம் எழுபது கிலோமீட்டர்.

திருப்பதியில் இரண்டு மூன்று இடம் மாறி, கடைசியில் திருச்சானூர் ரோட்டில் சுகுணா மேடத்தின் ஒர்க்‌ஷாப்பில் நின்றேன். அவர் மஸ்கட்டில் ஒரு பெரிய காரேஜில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் பதினான்கு வருடம் வேலை செய்தவர். வீட்டுக்காரர் அதே காரேஜில் மெக்கானிக். இருவரும் ஊர் திரும்பி ஒர்க்‌ஷாப் போட்டார்கள். இரண்டாவது வருடமே வீட்டுக்காரர் மாரடைப்பில் இறந்துவிட்டார். மேடம் ஒர்க்‌ஷாப்பை மூடவில்லை. அவருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. ஆனால் எந்த என்ஜினுக்கு எந்த ப்ளக், மரை எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு சூடு தாங்கும் என்பதெல்லாம் மனப்பாடம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னிடம் தமிழில் பேசுவார், நடுவில் தெலுங்கு வந்துவிடும்.

மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தப்புச் செய்தால் கேள்வி கேட்பார். பதில் வரும்வரை காத்திருப்பார். எனக்கு அதுதான் பயம். திட்டினால் தலையைக் குனிந்து நின்றுவிடலாம். கேள்விக்குப் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்.

சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு வண்டியின் ப்ளக்குகளைக் கழற்றி, பழக்கம் போல் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டேன். அவை இரிடியம் ப்ளக்குகள். நுனி ஊசி போல இருக்கும். நாலில் இரண்டின் நுனி போய்விட்டது. மேடம் கையில் எடுத்துப் பார்த்தார்.

"எதால தேச்சீங்க தேவராஜு?"

"பிரஷ்ஷால."

"எத்தனை வருஷமா இப்படித் தேய்க்கறீங்க?"

"பன்னெண்டு வருஷம்."

"அவுனா, அப்படியா? பன்னெண்டு வருஷமா பிரஷ்ஷுக்குத் தாங்கற ப்ளக்குங்களாத்தான் வந்திருக்கு. இன்னிக்குத் தாங்காதது வந்துடுச்சு. இப்போ என்ன பண்றது?"

நான் பிரஷ்ஷைக் கொண்டுபோய் அவர் மேஜை மேல் வைத்தேன். அவர் அதை எடுத்து டிராயரில் போட்டுப் பூட்டினார்.

இன்னொரு முறை, ஜப்பான் கம்பெனி ப்ளக் கிடைக்காமல் ஜெர்மன் கம்பெனி ப்ளக் வாங்கி வந்தேன். டியூனிங் செய்து வேகத்தைக் கூட்டப்போகும் வண்டி என்பதால் ஒரு எண் கூடுதலாகப் பார்த்து எடுத்தேன். மேடம் பெட்டியைப் பார்த்ததும் மாட்டவேண்டாம் என்றார். ஜப்பான் கம்பெனியில் எண் ஏற ஏற ப்ளக் குளிர்ச்சி. ஜெர்மன் கம்பெனியில் எண் ஏற ஏறச் சூடு. நான் வாங்கி வந்தது, வேண்டியதற்கு நேர் எதிரானது. மாட்டியிருந்தால் அழுத்தம் ஏறும்போது ப்ளக்கின் நுனியே பழுத்து, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்திருக்கும். பிஸ்டன் ஓட்டையாகியிருக்கும்.

குளிர்ந்த ப்ளக், சூடான ப்ளக் என்றால் இவ்வளவுதான். நுனியில் ஏறும் சூட்டைச் சீக்கிரம் என்ஜின் ஹெட்டுக்குக் கடத்திவிட்டால் அது குளிர்ந்த ப்ளக். மெதுவாகக் கடத்தினால் சூடான ப்ளக். டர்போ என்பது என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற விசிறி; அந்த அழுத்தத்தைக் கூட்டினால் சூடு கூடும், அதனால் ஒரு படி குளிர்ந்ததாகப் போட வேண்டும். இரண்டு படி போட்டால் இன்னும் நல்லது என்று நினைக்கக் கூடாது. நுனி அதிகம் குளிர்ந்துவிட்டால் கரி எரிந்து போகாது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இரண்டாம் கியரில் ஊர்ந்து போகிற வண்டியில் அந்த ப்ளக் ஒரு மாதத்தில் கறுத்துப்போய் வண்டி இருமும்.

அதனால் மேடத்தின் ஒர்க்‌ஷாப்பில் யாரும் முதலில் பானெட்டைத் திறப்பதில்லை. கஸ்டமரை உட்காரவைத்து மேடம் கேட்பார். எந்த ரோட்டில் ஓட்டுகிறீர்கள், எத்தனை பேர் ஏறுவார்கள், பெட்ரோல் எங்கே போடுகிறீர்கள், ஏசி போடுவீர்களா. அதற்குப் பிறகுதான் நான் பழைய ப்ளக்குகளைக் கழற்றுவேன். சிலிண்டர் வரிசை மாறாமல் முட்டை அட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று குழியில் நிறுத்தி மேடத்தின் மேஜைக்குக் கொண்டுபோவேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். பீங்கான் லேசான பால் டீ நிறத்தில் இருந்தால் என்ஜின் நன்றாக இருக்கிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது ப்ளக் அதிகக் குளிர்ச்சி. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் சூடு. மிளகுத்தூள் தூவினது போலப் பொட்டுகள் இருந்தால், அல்லது மினுமினுப்பாகச் சின்ன உருண்டைகள் ஒட்டியிருந்தால், உள்ளே வெடிப்பு தப்பான நேரத்தில் நடக்கிறது. உருண்டைகள் பிஸ்டனிலிருந்து கரைந்து வந்த அலுமினியம். அப்படிப்பட்ட வண்டியை டியூன் செய்யாமல் திருப்பி அனுப்பிவிடுவார்.

ப்ளக்கைத் தேர்ந்தெடுத்த பிறகு இடைவெளி. அழுத்தம் கூடினால் பொறி தாண்டுவது கஷ்டம், அதனால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். புள்ளி எட்டு மில்லிமீட்டர் இருந்தால் புள்ளி ஆறரைக்குக் கொண்டுவருவேன். நடு நுனியைத் தொடாமல் வெளி வளைவை மட்டும் அழுத்த ஒரு கருவி வாங்கிக் கொடுத்திருந்தார். முறுக்குவதற்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். கை பார்த்துக்கொள்ளும் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இனி தாமோதரன் வண்டிக்கு வருகிறேன்.

தாமோதரன் எங்கள் குடிபாலா பக்கத்துப் பிள்ளைதான், ஆனால் எனக்கு முன்பழக்கம் இல்லை. அவர் வீட்டிலும் முன்பு நிலம் கிடையாது. அப்பா, அம்மா கூலிக்குப் போனவர்கள். இவர் படித்து, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய், ஊரில் கொஞ்சம் நிலமும், தனக்கு ஒரு சின்ன டர்போ பெட்ரோல் காரும் வாங்கியிருந்தார். வாராவாரம் பெங்களூருக்கும் ஊருக்கும் ஓட்டுவார். வழியில் மொகிலி மலை ஏற்றத்தில் லாரிகளை முந்த முடியவில்லை என்பது அவர் குறை. இன்டர்நெட்டில் பார்த்து ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வந்தார்.

"ரெண்டு ஸ்டெப் கோல்ட் ப்ளக் போட்டுடணும் மேடம். ஃபோரம்ல எல்லாரும் சொல்றாங்க."

"அந்த ஃபோரத்துல இருக்கறவங்க மொகிலி ரோட்ல ஓட்டறாங்களா?"

"இல்ல மேடம், அவங்க எல்லாம் அமெரிக்கா."

"அப்போ அவங்க ப்ளக்கு அமெரிக்காவுல இருக்கட்டும். ஒரு ஸ்டெப் போதும். இது என்ன, ப்ளோ ஆஃப் வால்வு?"

"கியர் மாத்தறப்போ புஸ்ஸுன்னு சவுண்டு வரும் மேடம். கெத்தா இருக்கும்."

"சவுண்டுதானே? தேவராஜுவைப் பின் சீட்ல உக்கார வெச்சுக்கோங்க. கியர் மாத்தறப்பல்லாம் புஸ்ஸுன்னு சொல்லுவாரு. அப்படியாவது அவர் வாயைத் தொறக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேடம் பட்டியலில் பாதியை அடித்தார். மிச்சம் நின்றவை: ஒரு படி குளிர்ந்த ப்ளக், டர்போ அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டர், முன்னால் பெரிய இன்டர்கூலர். டர்போ அழுத்தி அனுப்பும் காற்று கொதித்துப்போய் இருக்கும். இன்டர்கூலர் என்பது அந்தக் காற்றை ஆற்றுகிற ரேடியேட்டர். பம்பருக்குப் பின்னால், முன் கிரில்லின் கீழ்ப்பகுதியில் நான் அதைப் பொருத்தினேன். எதிரே வரும் காற்று அதன் மேல் பட்டால்தான் வேலை.

மேப் எழுதினது கிஷோர். எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று என்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கணக்குக்கு மேப் என்று பெயர். கிஷோர் மதனப்பள்ளிக்காரன், முப்பது வயது இருக்கும். மாதம் இரண்டு சனிக்கிழமை பெங்களூரிலிருந்து லேப்டாப்போடு வருவான். பேச்சுக் குறைவு, அதனால் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது. சேர்ந்து டீ குடிப்போம், பேசாமல் திரும்பி வருவோம். ஷார்ஜாவில் ஒரு டியூனிங் காரேஜில் அவனுக்கு வேலை உறுதியாகியிருந்தது. ஆனால் ஆறு வருட அனுபவத்துக்குக் காகிதம் கேட்டார்கள். பெங்களூரில் அவன் வேலை செய்த இடங்களில் யாரும் காகிதம் தரமாட்டார்கள். லெட்டர்ஹெட் உள்ள ஒரே இடம் எங்களுடையது. மேடம் கடிதம் டைப் செய்து வைத்திருந்தார். கையெழுத்து மட்டும் பாக்கி.

தாமோதரன் வண்டியைச் சந்திரகிரி ரோட்டில் மூன்று முறை ஓட்டிப் பார்த்தோம். ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன், நான்கும் பால் டீ நிறம். வெள்ளிக்கிழமை காலை டெலிவரி.

தாமோதரன் அப்பாவையும் அம்மாவையும் அழைத்து வந்திருந்தார். மலையடிவாரத்தில் அலிபிரியில் வண்டிக்குப் பூஜை போட்டுவிட்டு நேரே பெங்களூர் போவதாக ஏற்பாடு. மகன் குடியிருக்கும் வீட்டை அவர்கள் பார்த்ததில்லை. அம்மா பெயர் முனியம்மா. ஒரு கோணிப்பையை இறக்கி, ஈரத்துணியைப் பிரித்தார். மஞ்சள் சாமந்தி மாலை. என் தொடை கனம் இருந்தது.

"மேஸ்திரி, இத்த நல்லா இறுக்கிக் கட்டு. பெங்களூரு வரிக்கும் பறக்கக் கூடாது."

"அங்கயே விப்பாங்களேம்மா" என்றார் தாமோதரன்.

"அது விக்கிற பூவு. இது எங்க நெலத்துப் பூவுடா. முக்கா ஏக்கரானாலும் சொந்த நெலம். மொத பறிப்பு, சாமிக்குப் பாதி, வண்டிக்குப் பாதின்னு கட்டிக்கினு வந்துகிறேன்."

கட்டுக்கம்பி எடுத்து நான்தான் கட்டினேன். மாலை நீளமாக இருந்ததால் இரண்டாக மடித்தேன். மேல் சுற்று கிரில்லையும், கீழ்ச் சுற்று இன்டர்கூலரின் வாயையும் முழுதாக மூடின. விரலை விட்டுப் பார்த்தேன், இடுக்கு இல்லை. இது தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். அலிபிரியில் பூஜை முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள் என்று சொன்னால் போதும். ஒரு வாக்கியம். வாயெடுத்தேன்.

"நல்லா கீதா மேஸ்திரி?" என்று அந்த அம்மா கேட்டார். முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது.

"நல்லா கீதும்மா" என்றேன்.

அன்று மத்தியானம் போன் வந்தது. மொகிலி ஏற்றத்தில், ஏசி போட்டு, டிக்கியில் அரிசி மூட்டையோடு, லாரிகளை முந்திக்கொண்டு போகும்போது என்ஜினுக்குள் டக்டக்கென்று தட்டும் சத்தம் கேட்டிருக்கிறது. என்ஜின் விளக்கு மினுக்கியிருக்கிறது. ஓரம் கட்டி நிறுத்திவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் பஸ் பிடித்து ஊர் திரும்பினார்கள். மறுநாள் சனிக்கிழமை காலையில் மீட்பு வண்டி காரைத் தூக்கிக்கொண்டு வந்தது. கூடவே தாமோதரன். அது கிஷோர் வரும் சனிக்கிழமை. கடிதத்தை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தான்.

ப்ளக்குகளைக் கழற்றி அட்டையில் நிறுத்தினேன். ஒன்று, இரண்டு, நான்கு கொஞ்சம் வெளுத்திருந்தன. மூன்றாவதில் பீங்கான் விளிம்பு சில்லுப் பெயர்ந்திருந்தது. அதைச் சுற்றி மினுமினுப்பான உருண்டைகள்.

மேடம் பூதக்கண்ணாடியை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ப்ளக்கின் எண்ணைப் படித்தார். இடைவெளியை அளந்தார். ப்ளக் விஷயத்தில் என் பக்கம் தப்பு எதுவும் இல்லை. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுக் கிஷோரைப் பார்த்தார். "பொறி டைமிங் எவ்வளவு முன்னாடி வெச்சீங்க?"

கிஷோர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். "சேஃப்பாத்தான் மேடம் இருக்கு. மூணு ரன்லயும் ஒரு தப்பான வெடிப்பும் இல்ல."

"சேஃப்பா?" என்று தாமோதரன் எழுந்துவிட்டார். "எங்கம்மாவ நடு ரோட்ல நிக்க வெச்சிட்டு சேஃப்பா? லேப்டாப் வெச்சிக்கினு வெளாட்டு காட்டறியா? என் வண்டிதான் உனுக்கு ஷார்ஜா போறதுக்கு டெஸ்ட்டா?"

கிஷோர் லேப்டாப்பை மூடினான். பேச்சில் அவனும் என் மாதிரிதான்.

மேடம் டிராயரைத் திறந்து கடிதத்தை எடுத்தார். "இதுல என்ன எழுதியிருக்கேன் தெரியுமா கிஷோர்? உங்க கையில வண்டியைக் கொடுத்தா பயமில்லைன்னு எழுதியிருக்கேன். இந்த ப்ளக்கைப் பாத்துட்டு அதுல எப்படி சைன் போடறது?"

"திங்கக்கிழமைக்குள்ள அனுப்பணும் மேடம். இல்லேன்னா வேற ஆளப் பாத்துப்பாங்க."

"தெரியும்." கடிதத்தை மறுபடி உள்ளே வைத்தார். "தேவராஜு, பம்பரை எறக்குங்க. ஹோஸ் எங்கயாவது லீக்கா பாருங்க."

பம்பரை இறக்கினேன். ஹோஸ் எதுவும் கசியவில்லை. இன்டர்கூலரின் தகடுகளுக்கு இடையே சாமந்தி இதழ்கள் வரிசையாகச் செருகியிருந்தன. வெந்து பழுப்பேறியிருந்தன. மீட்பு வண்டிக்காரர் கொக்கி மாட்டுவதற்காக கம்பியை அறுத்து மாலையை எடுத்திருக்கிறார். நான் முறுக்கின கட்டுக்கம்பியின் இரண்டு முனைகள் மட்டும் பிராக்கெட்டில் நீட்டிக்கொண்டிருந்தன.

கம்ப்ரசரைத் திறந்து காற்றடித்தால் இதழ்கள் பறந்துவிடும். கம்பியைப் பிளேயரால் இரண்டு திருகு. யாருக்கும் தெரியாது. ஷார்ஜா இல்லாவிட்டால் கிஷோருக்கு இன்னொரு இடம் கிடைக்கும் என்றுகூட யோசித்தேன். கம்ப்ரசர் பைப்பைக் கையில் எடுத்தும்விட்டேன். கிஷோர் வெளியே வந்து என் பக்கத்தில் குந்தினான். "டீ குடிக்கலாமா அண்ணா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

நான் பைப்பை வைத்துவிட்டு, இதழ்கள் நாலைந்தைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"மேடம், கிஷோர் மேல தப்பு இல்ல."

மேடம் நிமிர்ந்தார். காத்திருந்தார். இதழ்களை மேஜை மேல் வைத்தேன்.

"மாலை இன்டர்கூலர மூடிகினு இருந்திச்சி. நான்தான் கட்டினேன். மூடுதுன்னு தெரிஞ்சிதான் கட்டினேன். அவுக்கச் சொல்ல வாய் வரல."

"யாருக்கிட்ட சொல்ல?"

"அந்தம்மாகிட்ட."

"ஏன் வரலே?"

மேடம் வழக்கம் போலக் காத்திருந்தார். பிறகு தாமோதரனிடம், "மாலை எங்க?" என்றார்.

"டிக்கியில கீது மேடம். தூக்கிப் போடக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டுப் போனா."

"தேவராஜு, வாயால சொன்னா எனக்குப் போதாது. காட்டுங்க."

சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்த்தோம். மூன்றாவது பிஸ்டனின் ஓரத்தில் ஊசி குத்தினது போல நாலு புள்ளிகள், ஓட்டை இல்லை. அழுத்தமும் நான்கிலும் ஏறக்குறைய சமம். புது ப்ளக்குகள் மாட்டினேன். கிஷோர் வண்டியோடு வந்த கம்பெனி மேப்பைத் திருப்பி ஏற்றினான், உள்ளே போகும் காற்றின் சூட்டை லேப்டாப்பில் காட்டும்படி வைத்தான். மாலை இல்லாமல் சந்திரகிரி வரை நிதானமாக ஓட்டினோம். மேடமும் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தார். நாற்பத்தேழு டிகிரிக்கு மேல் ஏறவில்லை. ரோட்டோரம் நிறுத்தி, வாடின மாலையை அதே மாதிரி இரண்டாக மடித்து, அதே இடத்தில் கம்பியால் கட்டினேன். திரும்பி வரும் வழியில் ஐம்பத்தைந்து, அறுபத்தெட்டு, எண்பது. மொகிலி ஏற்றத்தில், அவ்வளவு சுமையில், டியூன் செய்த மேப்பில் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"போதும் மேடம், நிறுத்தச் சொல்லுங்க" என்றான் கிஷோர். பிறகு அவனே சொன்னான்: "என் பக்கமும் ஒண்ணு இருக்கு மேடம். இவ்வளவு சூடு ஏறினா பூஸ்டைக் கட் பண்றா மாதிரி நான் எழுதியிருக்கணும். இன்டர்கூலரை யார் மூடப்போறாங்கன்னு விட்டுட்டேன்."

ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் மேடம் கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, கிஷோர் கையில் கொடுத்தார். "தன் தப்பைக் கேக்காமயே சொல்றவர்னு ஒரு வரி சேக்கணும். மறுபடி டைப் பண்ண டைம் இல்லே" என்றார். அன்று சாயங்காலம் தானே உட்கார்ந்து மேப்பைத் திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் அவன் பஸ் ஏறினான்.

என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை. டெலிவரி காகிதத்தில் ஒரு வரி சேர்த்தார்: முன் கிரில்லில் மாலை கட்டக் கூடாது. அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய ஆள் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார்.

தாமோதரன் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மொத பறிப்புப் பூவால இப்படி ஆச்சின்னா சோறு துன்ன மாட்டா. கம்ப்யூட்டர் கோளாறுன்னே இருக்கட்டும்." தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்குச் சுலபம்.

புது மேப்பில் வண்டியை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நானே குடிபாலாவுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கிஷோர் அதற்குள் விமானம் ஏறுகிற தேதி வாங்கியிருந்தான். தாமோதரன் வீட்டில் இல்லை. அப்பா நிலத்தைக் காட்டினார். முனியம்மா சாமந்தி பறித்துக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் மடியைக் கட்டிக்கொண்டு வரப்புக்கு வந்தார்.

"சரி ஆய்டுச்சா மேஸ்திரி? நீ நல்லா இரு. அந்த லேப்டாப்புக்காரன் இருக்கானே, அவன் கை வெளங்காமப் போவ. மொத மொதல்ல புள்ள வீட்டப் பாக்கப் போனவள நடு ரோட்ல எறக்கி உட்டானே. தெனம் வெளக்கு ஏத்தறப்போ அவன் பேரச் சொல்லித்தான் சாமிகிட்ட முறையிட்டுகினு இருக்கேன். பேரு தெரியாது. லேப்டாப்புக்காரன்னு சொன்னா சாமிக்குத் தெரியாதா?"

சாவியை நீட்டின கை நீட்டினபடி நின்றது. தாமோதரனுக்குத் தலையாட்டியிருந்தேன். ஆனால் அங்கே ஒருவன் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறான், இங்கே தினமும் விளக்கேற்றி அவன் கையைச் சபிக்கிறார்கள்.

"அம்மா, அவன் ஒண்ணும் பண்ணல" என்றேன். மாலை எங்கே மூடியது, காற்று எப்படி நின்றது, எண்பது டிகிரி வரை எப்படி ஏறியது, எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று ஒரே மூச்சாகச் சொன்னேன்.

அந்த அம்மா மடியிலிருந்த பூவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கட்டறப்போ தெரியுமா உனுக்கு?"

"தெரியும்."

"நல்லா கீதான்னு கேட்டேனே."

"கேட்டீங்க."

"நல்லா கீதுன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"ஏன்யா, நான் இன்னா உன்னக் கடிச்சித் துன்னுடுவனா? மாலைய அவுத்து டேஷ்போர்டு மேல வெய்யுன்னு சொன்னா வெச்சிட்டுப் போறேன். பூவுக்கு இன்னா, எங்க வெச்சாலும் பூவுதான்." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "அந்தப் புள்ள பேரு இன்னா?"

"கிஷோர்."

முனியம்மா திருப்பதி மலை இருக்கும் திசையைப் பார்த்துத் திரும்பினார். மடிப் பூவை வரப்பில் கொட்டிவிட்டு, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

"சாமி, இத்தினி நாளு சொன்னதெல்லாம் கணக்குல எடுத்துக்காத. கிஷோரு மேல ஒரு தப்பும் இல்ல. போற எடத்துல அந்தப் புள்ள கை நல்லா இருக்கணும்." கும்பிட்ட கையை இறக்காமல் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "இந்த மேஸ்திரியையும் ஒண்ணும் பண்ணிடாத. பாவம், வாயில்லாதவன்."

என் வாழ்நாளில் ஒரே நேரத்தில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.